இசைத்தட்டின் மறுபக்கம்

பிரேசர் டவுன் தேநீர்க் கடையில் ‘குங் ஃபூ ஃபைட்டிங்’ ஒலித்தபோது, “வெள்ளைக்காரன் சரக்கு, நமக்கென்ன?” என்றார் நண்பர். நான் விடவில்லை. பாடிய கார்ல் டக்ளஸ் ஜமைக்காவில் பிறந்தவர். தயாரித்த பிட்டுவோ இதே பெங்களூரில் பிறந்து, 1967இல் இங்கிலாந்து சென்றவர்!

பிரிட்டனில் விற்பனைப் பட்டியலை 1952இல் ‘நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ்’ இதழ் தொடங்கிற்று. கடைகளைத் தொலைபேசியில் விசாரித்துத் தொகுத்தார்கள். எண்ணப்பட்டது விற்பனை, தரமன்று. முதலிடம் பெற்றதெல்லாம் உயர்ந்த இசையென்று மயங்குவோர் நம்மிடையேயும் உண்டு.

பிட்டு இப்பாட்டைத் தட்டின் மறுபக்கத்துக்கென்றே பதிவு செய்தார். அதுவும் ஒலிப்பதிவு நேரம் முடியும் தறுவாயில், அவசர அவசரமாக. இசைத்தட்டு நிறுவனத்தார் கேட்டுவிட்டு, இதுவே முன்பக்கம் என்றனர். 1974இல் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் முதலிடம்! 1976இல் டீனா சார்லஸ் பாட, பிட்டு தயாரித்த தட்டொன்று மீண்டும் பிரிட்டனில் அந்த இடத்தைப் பிடித்தது.