கிளவுடுக்குச் சாவி யார் கையில? அக்கா சொல்ற ஏழு டிப்ஸ்

கண்ணு, ஆபீஸ் மெயில், டிரைவ், கணக்கு சாஃப்ட்வேர் எல்லாத்துக்கும் இனிமே நீதான் அட்மின்னு சொன்னியே, சந்தோஷம். கூடவே என் கதை ஒண்ணையும் கேட்டுக்கோ.

திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் ஆபீஸ்ல நான் அட்மினா இருந்தப்போ, வேலையை விட்டுப் போன மெர்ச்சண்டைசர் பொண்ணு ஒருத்தி மூணு மாசம் கழிச்சு போன் பண்ணினா. "அக்கா, பையர் மெயில் எல்லாம் இன்னும் என் போனுக்கே வந்துட்டிருக்குது. புது கம்பெனியிலயும் அதே பையர்தான். பயமா இருக்குது, எடுத்து விடுங்க." அவ சொல்லாம எங்க காஸ்டிங் ஷீட்டைப் பார்த்துட்டே இருந்திருந்தா? அவ போன அன்னிக்கு லேப்டாப், ஐடி கார்டு, பீரோ சாவின்னு எண்ணி எண்ணி வாங்கின நான், மெயிலை மட்டும் மறந்துட்டேன். பூட்டை கூகுளோ மைக்ரோசாஃப்டோ ஜோஹோவோ நல்லாத்தான் போட்டுத் தர்றாங்க. சாவி கொடுக்கிறதும் திரும்ப வாங்குறதும் நம்ம வேலை.

1. ஆளுக்கு ஒரு ஐடி

லைசென்ஸ் காசு மிச்சம்னு மூணு பேருக்கு ஒரே லாகினைக் கொடுத்து, பாஸ்வேர்டை மானிட்டர்ல ஒட்டி வைக்காதே. ஒரு ஃபைல் காணாமப் போனா யார் அழிச்சாங்கன்னு லாக்ல தெரியாது. மூணு பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துட்டு நிப்பாங்க. பொது மெயில் ஐடி வேணும்னா மைக்ரோசாஃப்ட் 365-ல 'ஷேர்டு மெயில்பாக்ஸ்' இருக்குது, 50 ஜிபி வரைக்கும் அதுக்குத் தனி லைசென்ஸ் வேண்டாம். கூகுள்ல குரூப் போட்டுக்கலாம். அவங்கவங்க சொந்த லாகின்ல வந்தே அதைப் பார்ப்பாங்க.

2. ரெண்டாவது பூட்டு கட்டாயம்

2024-ல, ஸ்னோஃப்ளேக்ங்கிற கிளவுட் சேவையில டேட்டா வெச்சிருந்த சுமார் 165 நிறுவனங்களுக்கு 'உங்க தகவல் போயிருக்கலாம்'னு எச்சரிக்கை போச்சு. டிக்கெட்மாஸ்டர், ஏடி அண்ட் டி மாதிரி பெரிய பேரெல்லாம் அதுல அடிபட்டுது. வைரஸ் புகுந்த கம்ப்யூட்டர்கள்ல இருந்து முன்னாடியே திருடின பாஸ்வேர்டை வெச்சு, திருடங்க நேரா வாசல் வழியாவே உள்ளே போயிட்டாங்க. சில பாஸ்வேர்டு வருஷக்கணக்கா மாத்தாதது. மாட்டின கணக்குகள்ல டூ-ஸ்டெப், அதான் பாஸ்வேர்டுக்கு அப்புறம் கேட்கிற அந்த ரெண்டாவது பூட்டு, போடலை.

அதனால முதல்ல அட்மின், முதலாளி, அக்கவுண்ட்ஸ் ஆளுங்களுக்குப் போடு. அப்புறம் எல்லாருக்கும். எஸ்எம்எஸ் ஓடிபி ஒண்ணுமே இல்லாததுக்குத் தேவலை, ஆனா திருடன் உன் நம்பர்ல டூப்ளிகேட் சிம் எடுத்துட்டா ஓடிபி அவனுக்குத்தான் போகும். ஆதென்டிகேட்டர் ஆப் அதைவிட நல்லது. எல்லாத்தையும்விட பாஸ்கீ நல்லது, போலி லாகின் பக்கத்துல அது வேலையே செய்யாது. பேக்கப் கோடை பிரிண்ட் எடுத்து, செக் புக் இருக்கிற லாக்கர்லயே வை. போன் தொலைஞ்ச அன்னிக்குத் தேடுவே.

3. கேட்காம வந்த 'அப்ரூவ்' மேல கை வைக்காதே

2022 செப்டம்பர்ல ஊபர் கம்பெனிக்குள்ள ஒருத்தன் நுழைஞ்சது இப்படித்தான். அங்கே கான்ட்ராக்ட்ல இருந்த ஒருத்தரோட போனுக்கு 'அப்ரூவ் பண்ணு, அப்ரூவ் பண்ணு'ன்னு திரும்பத் திரும்ப வந்துட்டே இருந்துச்சு. கடைசியில ஒரு தடவை அழுத்திட்டார்.

ஸ்டாஃப் எல்லாருக்கும் சொல்லி வை: நீங்க லாகின் பண்ணாதப்போ அப்ரூவல் கேட்டா, உங்க பாஸ்வேர்டு ஏற்கெனவே வேற கையில இருக்குதுன்னு எடுத்துக்கோங்க. 'நோ' அழுத்திட்டு உடனே கூப்பிடுங்க. "அக்கா, தப்பா அழுத்திட்டேன்"னு வந்து நிக்கிறவங்களைத் திட்டாதே. திட்டினா அடுத்தவங்க மறைப்பாங்க.

4. மாசா மாசம் பாஸ்வேர்டு மாத்தச் சொல்லாதே

மாத்தச் சொன்னா என்ன பண்ணுவாங்க? கம்பெனி பேரு, கூட ஒரு 2024. அடுத்து 2025. காரணமில்லாம அடிக்கடி மாத்தச் சொல்லாதீங்கன்னு அமெரிக்க அரசோட தர நிர்ணய அமைப்பான என்ஐஎஸ்டி 2017-லயே எழுதிடுச்சு. நீளமா இருக்கட்டும், ஒரு இடத்துல போட்டதை இன்னொரு இடத்துல போடக் கூடாது. ஞாபகம் வெச்சுக்க பாஸ்வேர்டு மேனேஜர் வாங்கிக் கொடு. வெளியே போயிடுச்சுன்னு சந்தேகம் வந்தா மட்டும் அந்த நிமிஷமே மாத்து.

5. அட்மின் ரெண்டு பேர் போதும்

ஒருத்தரே இருந்தா, அவர் போன் தொலைஞ்ச அன்னிக்கு ஆபீஸே வெளியே நிக்கும். பத்து பேர் இருந்தா பத்து வாசல். அட்மின் வேலைக்குத் தனி ஐடி, தினசரி மெயிலுக்கு வேற ஐடி வெச்சுக்கோ. முதலாளி "எனக்கும் சூப்பர் அட்மின் கொடு"ன்னு கேட்பார். எல்லாத்தையும் பார்க்கிற உரிமை அவருக்கு இருக்கட்டும், எல்லாத்தையும் அழிக்கிற உரிமை எதுக்குன்னு பக்குவமாச் சொல்லு.

அப்படியே டொமைன் யார் பேர்ல இருக்குதுன்னு பாரு. வெப்சைட் போட்டுக் கொடுத்த பையனோட சொந்த மெயில்ல இருந்தா, இந்த வாரமே கம்பெனி பேருக்கு மாத்து. அது கை விட்டுப் போனா மொத்த மெயிலும் போச்சு.

6. கடைசி நாள் லிஸ்ட்

2021 மே மாசம் அமெரிக்காவுல கலோனியல் பைப்லைன்ங்கிற எரிபொருள் குழாய் கம்பெனியே முடங்கிப் போச்சு. திருடங்க உள்ளே போனது, யாரும் பயன்படுத்தாம விட்டு வெச்சிருந்த பழைய விபிஎன் கணக்கு வழியா. டூ-ஸ்டெப்பும் இல்லை. பணயத்தொகையா 44 லட்சம் டாலர் அழுதாங்க.

நம்ம ஆபீஸ்ல ஒருத்தர் கிளம்புற அன்னிக்கு இந்த வரிசையில செய்: லாகினை நிறுத்து. எல்லா போன், லேப்டாப்ல இருந்தும் சைன்-அவுட் பண்ணு. ஃபைல்களை அடுத்த ஆள் பேருக்கு மாத்து. போறவருக்கு வர்ற மெயிலையும் அந்த அடுத்த ஆளுக்கே திருப்பி விடு. வாட்ஸ்அப் குரூப், கூரியர் லாகின், ரெக்கவரி நம்பர் எல்லாத்துல இருந்தும் பேரை எடு. அழிக்கிறது கடைசியில. அவசரப்பட்டு அழிச்சுட்டா, கூகுள்ல 20 நாள், மைக்ரோசாஃப்ட்ல 30 நாள் வரைக்கும்தான் மீட்க முடியும்.

7. மாசத்துல ஒரு சனிக்கிழமை

டீ குடிச்சுட்டே அரை மணி நேரம். 'லிங்க் இருக்கிற யாரும் பார்க்கலாம்'னு விட்டு வெச்ச ஷீட்டுகளை மூடு. பிடிஎஃப் மாத்துறதுக்குன்னு யாரோ சேர்த்த ஆப், மெயில் முழுக்கப் படிக்க அனுமதி வாங்கியிருக்கும், அதைத் தூக்கு. மெயில் தானா வெளியே ஃபார்வர்டு ஆகுதான்னு பாரு. திருடன் உள்ளே வந்தா முதல்ல வைக்கிறது அதைத்தான், அப்புறம் பில் அனுப்புற நேரம் பார்த்து "எங்க பேங்க் அக்கவுண்ட் மாறிடுச்சு"ன்னு பையருக்கு எழுதுவான். பணம் போயிடுச்சுன்னு தெரிஞ்சா, அடுத்த நிமிஷம் பேங்குக்கும், சைபர் மோசடி உதவி எண் 1930-க்கும் போன் போடு.

இதையெல்லாம் ஒரே நாள்ல செய்ய முடியாது. வர்ற சனிக்கிழமை யூசர் லிஸ்டை மட்டும் பிரிண்ட் எடு. ஒவ்வொரு பேருக்கும் பக்கத்துல 'இருக்காங்க', 'போயிட்டாங்க'ன்னு எழுது. நான் முதல் தடவை எழுதினப்போ 34 பேர்ல ஒன்பது பேர் போனவங்க. அதுல ஒருத்தர், ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே காலமான எங்க கணக்குப்பிள்ளை ஐயா. லைசென்ஸ் காசு மிச்சம்னு மூணு பேருக்கு ஒரு லாகின் கொடுத்திருந்த நாங்க, அவர் பேருக்கு மாசா மாசம் காசு கட்டிட்டிருந்தோம்.