கீச்சிடும் பெல்ட்டைக் கவனியுங்கள்

கீழப்பழுவூர்ப் பக்கம் சிமெண்ட், சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பின்னால் தினமும் கார் ஓட்டுகிறவர்கள் ஏர் ஃபில்டரைத் தட்டுவார்கள். பெல்ட் டென்ஷனரை மறந்துவிடுவார்கள். ஆல்டர்னேட்டர், ஏசி கம்ப்ரஸர், பல கார்களில் வாட்டர் பம்ப் எல்லாம் ஓடுவது அந்த ஒரே பெல்ட்டில்தான். அதைத் தளராமல் இழுத்துப் பிடிப்பது ஸ்பிரிங் வைத்த டென்ஷனர். தூசி புகுந்தால் அதன் பேரிங் சீக்கிரம் தேயும்.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் ‘கீச்’ சத்தமா? இன்ஜின் ஓடும்போது தள்ளி நின்று பெல்ட்டில் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். சத்தம் கூடினால் பெல்ட் வழுக்குகிறது, டென்ஷனரைப் பாருங்கள். எண்ணெய், கிரீஸ் மட்டும் தடவிவிடாதீர்கள். அது பெல்ட்டையே கெடுக்கும்.

மெக்கானிக் பெல்ட்டைக் கழற்றும்போது பக்கத்தில் நில்லுங்கள். டென்ஷனர் புல்லியைக் கையால் சுற்றுங்கள்: கரகரத்தாலோ ஆடினாலோ மாற்றத்தான் வேண்டும். கழற்றும் முன் பெல்ட் ஓடும் வழியை செல்போனில் படமெடுத்துக்கொள்ளுங்கள். பெல்ட்டையும் டென்ஷனரையும் சேர்த்தே மாற்றினால் கூலி ஒரு முறைதான்.

வழியில் பேட்டரி விளக்கு எரிந்து, டெம்பரேச்சர் முள்ளும் ஏறினால் பெல்ட் அறுந்திருக்கலாம். ‘அரியலூர் பக்கம்தானே’ என்று ஓட்டாதீர்கள். உடனே ஓரங்கட்டி இன்ஜினை அணையுங்கள்.