இலையைத் திருப்பிப் பாருங்கள்

பனியன் கம்பெனி வேலையை விட்டுவிட்டு, உடுமலைப் பக்கம் பழைய மல்பெரித் தோட்டத்தைக் குத்தகைக்குப் பிடித்திருக்கும் தம்பிக்கும் அம்மிணிக்கும்:

1. இலையில் எதைக் கண்டாலும் முதலில் கேட்க வேண்டியது, கவாத்து பண்ணி எத்தனை நாள் ஆச்சு என்பதுதான். இலைப்புள்ளி 35, 40 நாளில் தலைகாட்டும். துரு 45, 50 நாளில் வரும். விட்டுவைத்தால் 70 நாளில் இரண்டுமே தோட்டம் முழுக்க ஏறிவிடும். வெட்டிய தேதியைப் புழு மனைக் கதவில் சாக்பீஸால் எழுதி வையுங்கள். 60 நாளில் தண்டை அறுத்துப் புழுவுக்குப் போடுகிறவருக்குத் துருவைப் பற்றி அவ்வளவு கவலையில்லை. கூட்டு விலை ஏறட்டும் என்று அடுத்த பேட்சைத் தள்ளிப்போட்டு, முற்றிய இலையோடு நிற்பவர்தான் மருந்துக்கடைக்கு ஓடுகிறார்.

2. செக்கிங்கில் பீஸை உள்பக்கம் திருப்பி ஓட்டை பிடித்த கை உங்களுக்கு. இலையையும் அப்படியே திருப்புங்கள். மேலே வெளிறிய திட்டு, அதே இடத்துக்கு அடியில் வெள்ளை மாவு என்றால் சாம்பல் நோய். ஐப்பசிக்கு மேல் பனி விழுகிற மாதங்களில்தான் இதன் ஆட்டம். அடியில் குண்டூசித் தலை அளவுக்குப் பழுப்பாகப் பொரிந்திருந்தால் துரு. பழுப்பு வட்டங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து, நடுப்பகுதி உதிர்ந்து ஓட்டை விழுந்தால் இலைப்புள்ளி.

3. சாம்பல் படிந்த இலையில் சின்னச் சின்ன மஞ்சள் பொறிவண்டு மேய்ந்தால் கை வைக்காதீர்கள். அது இலையைத் தின்னாது, பூஞ்சணத்தைத்தான் தின்னும். கூலி கேட்காத ஆள்.

4. நுனி சுருண்டு, இலை தடித்துக் கரும்பச்சையாக இருந்தால் அது நோயில்லை, துக்ரா. இளஞ்சிவப்பு மாவுப்பூச்சியின் வேலை. நுனியைக் கிள்ளி எரித்துவிடுங்கள். 2008இல் கோவையில் தலைகாட்டிய பப்பாளி மாவுப்பூச்சி நம் பக்கத்து மல்பெரியை என்ன பாடு படுத்தியது என்று பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். மருந்து அடித்து அடித்து ஓய்ந்தோம். 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்த ஒட்டுண்ணிக் குளவிதான் அதை அடக்கியது.

5. பழைய தோட்டத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் செடி மஞ்சளடித்தால் இலையோடு மல்லுக்கட்டாதீர்கள். வேரைத் தோண்டுங்கள். முடிச்சு முடிச்சாக இருந்தால் நூற்புழு. பட்டை கறுத்து உரிந்து வந்தால் வேரழுகல். இதற்கு இலை மேல் என்ன அடித்தாலும் காசுதான் போகும்.

6. கவாத்து முடிந்ததும் உதிர்ந்த இலைகளைக் கூட்டி அள்ளுங்கள். நோய் அடுத்த தழைக்குத் தாவுவது அந்தக் குப்பையிலிருந்துதான். செடி நெருக்கமாக இருந்தால் சாம்பல் நோய் போகவே போகாது. புது நடவு போடும்போது காற்றோட்டம் பார்த்து இடைவெளி விடுங்கள்.

7. இதற்கும் அடங்காவிட்டால்தான் டேங்கைத் தூக்க வேண்டும். சாம்பல் நோய்க்கும் இலைப்புள்ளிக்கும் கார்பன்டசிம் 50 சதத் தூள், லிட்டருக்கு 2 கிராம். துருவுக்குக் குளோரோதலோனில் 75 சதத் தூள், அதே அளவு. இரண்டுக்கும் 5 நாள் கழித்துத்தான் இலை பறிக்கலாம். நனையும் கந்தகம் அடித்தால் 15 நாள் பொறுக்க வேண்டும். நாசிலை அடியிலிருந்து மேல்நோக்கிப் பிடியுங்கள். பூச்சிமருந்தோ களைக்கொல்லியோ கலக்கிய டேங்க் தோட்டத்துக்குள்ளேயே வரக்கூடாது. கெடு முடிந்த பிறகும் பத்துப் பதினைந்து புழுவுக்கு மட்டும் அந்த இலையைப் போட்டு ஒரு நாள் பாருங்கள்.

8. பக்கத்துக் காட்டில் மக்காச்சோளம் இருந்தால் அந்த அண்ணனிடம் பேசி வையுங்கள். படைப்புழுவுக்கு அடிக்கிற குளோரான்ட்ரானிலிப்ரோல் மாதிரி மருந்து காற்றில் வந்து நம் இலையில் படிந்தால் பட்டுப்புழு பிழைக்காது. மருந்தடிக்க முந்தின நாளே சொல்லச் சொல்லுங்கள். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, அந்த வேலியோரம் உள்ள வரிசைகளை அந்த பேட்சுக்கு அறுக்காமல் விட்டுவிடலாம்.

9. சந்தேகம் வந்தால் போட்டோவை மட்டும் அனுப்பிவிட்டுக் காத்திருக்காதீர்கள். நோய் கண்ட தண்டையும் நல்ல தண்டையும் செய்தித்தாளில் சுற்றி, கவாத்து தேதியையும் எழுதிக்கொண்டு பட்டு வளர்ச்சித் துறை அலுவலகத்துக்குப் போங்கள். பாலிதீன் பையில் கட்டினால் போய்ச் சேர்வதற்குள் அழுகி, எது நோய் எது அழுகல் என்று தெரியாமல் போய்விடும்.