தொண்டும் மொழியும்: காந்தியடிகள் கற்ற தமிழ்

முன்னுரை

வேற்றுநாட்டில் தொண்டாற்றச் செல்வோர்க்கு அந்நாட்டு உணவும் தட்பவெப்பமும் சில திங்களில் பழகிவிடும். மொழி அத்துணை எளிதில் வசப்படுவதன்று. எவர் துயர் தீர்க்கச் சென்றானோ, அவர் சொல்லைத் தன் செவியால் கேட்டுணரும் வரை தொண்டன் அங்கு அயலானே. இதனை உணர்ந்து நம் தமிழைக் கற்க முயன்றவர் காந்தியடிகள். அம்முயற்சியும் அதன் குறையும் ஈண்டு ஆராயப்பெறுகின்றன.

மொழியறியாத் தொண்டர்

தாதா அப்துல்லா நிறுவனத்தின் வழக்கிற்காக ஓராண்டு ஒப்பந்தத்தில் 1893ஆம் ஆண்டு அவர் டர்பன் சென்றார். வழக்கு முடிந்தபின் அங்குள்ள இந்தியரின் வேண்டுகோளை ஏற்றுத் தங்கினார். பொதுத்தொண்டிற்கு ஊதியம் பெற மறுத்து, வணிகர் தந்த வழக்குகளின் வருவாயில் வாழ்ந்தார். வணிகரோடு குஜராத்தியில் உரையாட இயன்றது. தமிழ்பேசும் ஒப்பந்தக் கூலிகளோடு இயலவில்லை.

முதலாளியால் அடிக்கப்பட்டு, முன்பற்கள் உடைந்து, தலைப்பாகையைக் கையிலேந்தி 1894இல் பாலசுந்தரம் என்னும் தமிழ்த்தொழிலாளி அவரிடம் வந்தார். நடந்ததைக் காந்தியடிகள் அறிந்தது தம்மிடம் பணியாற்றிய தமிழ் எழுத்தர் வாயிலாகவே. பாலசுந்தரம் வேறொரு முதலாளியிடம் மாற்றப்பெற்றார். அன்று அவ்வெழுத்தர் இல்லையெனில் அவ்வேழையின் முறையீடு எவர் செவியை எட்டியிருக்கும்?

கப்பலும் மருத்துவமனையும்

1896இல் தாயகம் திரும்பிய கப்பற்பயணத்தில் அவர் இருமொழி பயின்றார். முஸ்லிம்களோடு நெருங்கிப் பழக உருதும், தமிழரோடு பழகத் தமிழும் வேண்டுமெனக் கருதினார். உருதுவிற்குப் பயணிகளுள் ஒரு முன்ஷி கிடைத்தார். தமிழுக்கு ஆசிரியர் எவருமிலர். கப்பல் மருத்துவர் அளித்த தமிழ்ப் பயிற்சிநூல் ஒன்றே துணை.

மீண்டும் நேட்டால் சென்றபின், பார்சி ருஸ்தம்ஜியின் பொருளுதவியால் நடந்த அறமருத்துவமனையில் நாள்தோறும் காலையில் ஊதியமின்றித் தொண்டாற்றினார். நோயாளியின் குறையைக் கேட்டு மருத்துவரிடம் உரைத்தலும் மருந்து கலந்து கொடுத்தலும் அவர் பணிகள். நோயாளிகளுட் பலர் தமிழரும் தெலுங்கருமான ஒப்பந்தக் கூலிகள். வலி எங்கென்று கேட்பதற்கும் மொழி வேண்டுமன்றோ!

பண்ணைப் பள்ளி

பின்னர்ச் சிறையிலும் தமிழ் பயின்றார். அங்குத் துணைநின்றது ஜி.யு. போப் இயற்றிய தமிழ்க் கையேடு. கடல்கடந்து வந்து தமிழ் கற்ற ஒருவரின் நூல், கடல்கடந்து சென்ற மற்றொருவருக்கு ஆசானாயிற்று.

1910இல் ஜோகன்னஸ்பர்க் அருகே தோன்றிய டால்ஸ்டாய் பண்ணையில் பல சமயத்தாரும் பல மொழியினரும் கூடிவாழ்ந்தனர். முஸ்லிம் இளைஞர் ரமலான் நோன்பிருந்தபோது பிறரும் அவரோடு நோன்பிருந்தனர். அங்கே தமிழ்ச் சிறார்க்கு எழுத்தும் தொடக்க இலக்கணமும் கற்பித்தவர் காந்தியடிகளே! ஆயின், ஆங்கிலமறியாத தமிழர் அவரைக் காணவரின் அம்மாணவரே மொழிபெயர்த்தனர். தம் அறியாமையை அவர் மாணவரிடம் மறைக்கவில்லை. அதனால் அவர்தம் அன்பையும் மதிப்பையும் இழக்கவில்லை.

குறையும் பாடமும்

எனினும், தமிழ் பேசத் தாம் கற்கவேயில்லை என்பதைத் தன்வரலாற்றில் அவரே ஒப்புக்கொள்கிறார். பொதுப்பணிகள் அவர் பொழுதைக் கவர்ந்தன. நூல் எழுத்தைத் தந்தது; பேச்சைத் தருவது மக்களோடு பழகும் பழக்கமே. எழுத்துவழக்கும் பேச்சுவழக்கும் வேறுபடும் தமிழில் இவ்விடர் மிகுதி. 'வருகின்றேன்' என நூலிற் பயின்றவன் 'வர்றேன்' என்னும் சொற்கேட்டுத் திகைப்பான். ஆதலின் மொழிப்பயிற்சி பெறுவோர் சந்தையிலும் வீட்டுத்திண்ணையிலும் பேசப்படுவதை முதலிற் செவிமடுத்தல் வேண்டும். பிழைபடப் பேசவும் நாணலாகாது.

முடிவுரை

நம் தருமபுரி மாவட்டத்திலேயே தெலுங்கும் கன்னடமும் உருதும் பேசும் இல்லங்கள் உள. கம்பைநல்லூரிலிருந்து தொண்டிற்கெனப் புறப்படும் மாணவன், அயல்நாடு செல்லுமுன் அண்டைவீட்டார் மொழியில் நலம் விசாரிக்கக் கற்கட்டும். தெரியாததைத் தெரியாதெனச் சொல்லி, சிறுவரிடமும் கேட்டுக் கற்கும் பணிவு அவனுக்கு வாய்க்குமாயின், எந்நாட்டிலும் அவன் நெடுநாள் அயலானாக இரான்.