வேட்டைச் சட்டமும் கிராமத்தார் அறிய வேண்டிய விலக்குகளும்

பயிரைக் காத்தல் குடியானவனுடைய உரிமை. காட்டு விலங்கைக் கொல்லுதல் அவ்வுரிமையில் அடங்காது. இவ்விரண்டுக்கும் உள்ள வேற்றுமையை அறியாமையால் கைப்பொருளையும், சில சமயங்களில் உயிரையுமே இழந்த குடும்பங்கள் உண்டு. ஆகவே வேட்டையைப் பற்றிய சட்டத்தின் சாரத்தைச் சங்க அங்கத்தினர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் அவசியமாகும்.

சட்டத்தின் வரலாறு

சென்னை மாகாணத்தில் காட்டு யானைகளைக் காக்கும் பொருட்டு 1873ஆம் ஆண்டிலும், நீலகிரியில் வேட்டை விலங்குகளையும் மீன்களையும் காக்கும் பொருட்டு 1879ஆம் ஆண்டிலும் சட்டங்கள் செய்யப்பட்டன. 1912ஆம் ஆண்டுச் சட்டம் வேட்டையாடக் கூடாத பருவங்களை வரையறுக்க வகை செய்தது. இவை வேட்டையை ஒழுங்குபடுத்தினவேயன்றி ஒழிக்கவில்லை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் முதலில் லைசென்ஸ் பெற்றவர்க்குச் சில விலங்குகளை வேட்டையாட இடங்கொடுத்தது. அப்பொழுதும் இராக்காலத்தில் சுடுதல், மோட்டார் வண்டியிலிருந்து சுடுதல், நஞ்சிடுதல், வெடி வைத்தல், புதருக்குத் தீயிடுதல் ஆகியவை விலக்கப்பட்டிருந்தன. 1991ஆம் ஆண்டுத் திருத்தத்தால் அந்த லைசென்ஸ் முறையே நீக்கப்பட்டது. அட்டவணைகளில் கண்ட எந்த விலங்கையும் பொழுதுபோக்குக்காகவோ இறைச்சிக்காகவோ வேட்டையாட இப்பொழுது ஒருவருக்கும் அனுமதியில்லை.

வேட்டை என்பது யாது?

கொல்லுதல் மட்டுமே வேட்டை என்று பலர் எண்ணுகின்றனர். சட்டம் அவ்வாறு கூறவில்லை. பிடித்தல், கண்ணி வைத்தல், பொறி வைத்தல், நஞ்சிடுதல், இரை காட்டி ஈர்த்தல் ஆகிய யாவும் வேட்டையே. இவற்றுக்கு முயலுதலும் வேட்டையே. பறவைகளின் கூட்டைக் கலைத்தலும் முட்டைகளைச் சேதப்படுத்தலும் அதில் அடங்கும். வேட்டையில் கொல்லப்பட்ட விலங்கு சர்க்காருடைய சொத்தாகும். ஆகையால் அதன் இறைச்சியை விலைக்கு வாங்கியவரும் குற்றவாளியாவார்.

யானை, மயில், உடும்பு முதலியவை முதலாம் அட்டவணையைச் சேர்ந்தவை. இவற்றைக் கொன்றவருக்கு 3 ஆண்டுக்குக் குறையாமல் 7 ஆண்டு வரை சிறைத்தண்டனையும், 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமும் விதிக்கப்படும்.

பெருந்தீங்கு விளைக்கும் இரு முறைகள்

முதலாவது, மின்சாரக் கம்பியிலிருந்து நேரே மின்சாரத்தை எடுத்து வயலைச் சுற்றிலும் பாய்ச்சுதல். இம்மின்சாரம் இடைவிடாது ஓடுவது. தொட்டவரின் தசைகளை இறுகச் செய்து விடாமல் பற்றிக்கொள்ளும். அக்கம்பிக்குக் காட்டுப் பன்றி வேறு, நீர் பாய்ச்ச விடியற்காலையில் வரும் அண்டை வயல்காரன் வேறு என்பது தெரியாது. வேலி வைத்தவனே அதில் மாண்டதும் உண்டு. மின்சாரத் திருட்டு, வேட்டை, மனித உயிர்ச்சேதம் ஆகிய மூன்று குற்றங்களும் ஒரே இரவில் ஒருவன்மேல் சேரக்கூடும்.

இரண்டாவது, அவுட்டுக்காய் எனப்படும் நாட்டு வெடி. இரையென்று எண்ணிக் கடிக்கும் யானைக்குத் தாடை சிதறும். பின்னர் அது உண்ண முடியாமல் பல நாள் பட்டினி கிடந்து மடியும். மேயும் பசுவும் அதற்குத் தப்புவதில்லை.

நேர்மையான வழி யாது?

விலங்குகளால் மனித உயிருக்கோ நிலத்தில் நிற்கும் பயிருக்கோ அபாயம் நேர்ந்தால், தலைமை வனவிலங்குக் காப்பாளர் காரணங்களை எழுதி உத்தரவிடலாமென்று சட்டம் கூறுகிறது. ஆகவே பயிர்ச்சேதம் கண்டவர் உடனே வனச்சரக அலுவலகத்துக்கு எழுத்து மூலம் தெரிவித்து, நஷ்ட ஈட்டுக்கும் மனுச் செய்தல் வேண்டும். சூரிய வெப்பத்தால் அன்றி சூரிய ஒளியால் இயங்கும் முறையான மின்வேலி, கணப்பொழுது மட்டும் விட்டுவிட்டு அதிர்ச்சி கொடுக்கும். விலங்கை விரட்டுமேயன்றிக் கொல்லாது. அதனையும் அனுமதி பெற்றே அமைக்க வேண்டும். தனி ஒருவருக்கு மிகையான இச்செலவைப் பலர் சேர்ந்து ஏற்றல் எளிது.

இருளர் காட்டிய வழி

செங்கற்பட்டுப் பகுதியில் வாழும் இருளர் பாம்பு பிடிப்பதில் தேர்ந்தவர். பாம்புத்தோல் வியாபாரம் சட்டத்தால் தடைப்பட்டபோது அவர்களுடைய பிழைப்புக்குப் பேரிடர் நேர்ந்தது. அவர்கள் திருட்டு வேட்டையை நாடாமல் 1978ஆம் ஆண்டில் ஒரு கூட்டுறவுச் சங்கம் கண்டனர். சர்க்கார் அனுமதியுடன் நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றைப் பிடித்து, பானைகளில் வைத்துக் காத்து, நஞ்சை எடுத்தபின் மீண்டும் காட்டில் விடுகின்றனர். அந்நஞ்சிலிருந்து பாம்புக்கடிக்கு மருந்து செய்யப்படுகிறது. வயலில் பாம்பு தீண்டிய குடியானவனைப் பிழைப்பிப்பது அம்மருந்தே. 2023ஆம் ஆண்டில் வடிவேல் கோபால், மாசி சடையன் என்னும் இரு இருளர் பத்மஸ்ரீ விருது பெற்றனர்.

வேட்டைத் தொழில் நின்றது. வேட்டையாடியவரின் அறிவு அழியவில்லை. சட்டத்துக்கு உட்பட்டுக் கூடி உழைத்தால் அந்த அறிவே உயிர் காக்கும் தொழிலாகும் என்பதற்கு இது சான்று. ஒவ்வொரு சங்கமும் தன் மாதக் கூட்டத்தில் இவ்விலக்குகளை எழுத்தறியாதோர்க்கும் படித்துக் காட்டி, ஊரில் எவரும் கள்ள மின்வேலியும் நாட்டு வெடியும் வையாதபடி பார்த்துக்கொள்ளுதல் நலம்.