பாலின அடையாளமும் காதல் ஈர்ப்பும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

நம்பிக்கை: திருநங்கைக்கு ஆண்மீதுதான் காதல் வரும், திருநம்பிக்குப் பெண்மீதுதான்.

உண்மை: ஒருவர் தம்மை ஆணாகவோ பெண்ணாகவோ உணர்வது வேறு, அவர் மனம் யாரை நாடுகிறது என்பது வேறு. பெண்ணை விரும்பும் திருநங்கையரும் ஆணை விரும்பும் திருநம்பியரும் உண்டு.

நம்பிக்கை: திருநரைக் காதலிக்கப் பலர் தயங்குவதற்குத் தோற்றமே காரணம்.

உண்மை: பிளேர், ஹாஸ்கின் என்னும் இரு கனடா ஆய்வாளர்கள் 2019-இல் வெளியிட்ட ஆய்வு இதைச் சோதித்துப் பார்க்க உதவுகிறது. யாரைக் காதலிக்கச் சம்மதம் என்று 958 பேரிடம் கேட்டார்கள். ஆண், பெண், திருநம்பி, திருநங்கை என்பன போன்ற வெறும் பெயர்ப் பட்டியல். புகைப்படம் இல்லை, குரல் இல்லை. 87.5 சதவீதத்தினர் திருநரை விட்டுவிட்டே குறியிட்டார்கள். முகம் பார்க்குமுன்பே முடிவு வந்துவிட்டது. பெயரைக் கேட்டதும் மனத்தில் எழுந்த உடல் எது, ஊர் என்ன சொல்லும் என்ற அச்சம் எவ்வளவு என்று இந்த ஆய்வால் பிரித்துக் காட்ட முடியாது. தானாக முன்வந்தவர்களின் பதில்கள் இவை என்பதால், இந்த எண்ணைத் தமிழ்நாட்டுக்கு அப்படியே பொருத்தவும் கூடாது.

அழகை ஒப்புக்கொள்வதும் துணையாக ஏற்பதும் ஒன்றல்ல என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. கூத்தாண்டவர் திருவிழாவையொட்டி நடக்கும் ‘மிஸ் கூவாகம்’ திருநங்கையர் அழகிப் போட்டிக்குக் கூட்டம் கூடும், கைதட்டும். அதே கூட்டத்தில் எத்தனை வீடுகள் திருநங்கையை மருமகளாக அழைக்கும்? பாராட்டுக்கும் மண ஏற்புக்கும் இடையிலான இந்த இடைவெளி தருமபுரி மாவட்டத்துக்கும் புதிதல்ல. நாட்டின் முதல் திருநங்கை காவல் உதவி ஆய்வாளரான பிரித்திகா யாஷினி 2017-இல் பணியேற்றது இங்குதான். சாதி கடந்த ஒரு திருமணத்தைச் சாக்கிட்டு 2012 நவம்பரில் தலித் குடியிருப்பான நத்தம் காலனி எரிக்கப்பட்டதும் இங்குதான். துணை யார் என்பதை இருவரின் விருப்பத்துக்கு விட்டுவைக்காத ஊர்களில், ஈர்ப்பு இருந்தாலும் அது வாய்திறப்பதில்லை.

நம்பிக்கை: அப்படிக் காதலித்தாலும் சட்டப்படி மணக்க முடியாது.

உண்மை: தூத்துக்குடியில் ஓர் ஆணும் திருநங்கையும் செய்துகொண்ட திருமணத்தைப் பதிய அலுவலகம் மறுத்தது. இந்துத் திருமணச் சட்டம் கூறும் மணமகளில் திருநங்கையும் அடங்குவார் என்று 2019 ஏப்ரல் 22-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தீர்ப்பளித்தது. ஆண்–பெண் உறவில் உள்ள திருநர் நடப்புச் சட்டங்களின்படியே மணக்கலாம் என்று உச்ச நீதிமன்றமும் 2023 அக்டோபரில் கூறியது. ஒரே பாலினத் திருமணத்தை அத்தீர்ப்பு ஏற்கவில்லை. ஆகவே ஆவணங்களில் பெண்ணாகப் பதிந்த திருநங்கை ஒரு பெண்ணை மணக்க விரும்பினால், அதற்கு இன்னும் வழியில்லை.