தபாலை எத்தனை கை தொடலாம்?

அன்புத் தம்பிக்கு,

மெயில் சர்வர் ஒன்றை நீயே எழுதிப் பார்ப்பதாகவும், த்ரெட்டா தனித்தனி ப்ராசஸா என்று தடுமாறுவதாகவும் எழுதியிருந்தாய். வேகத்துக்காக த்ரெட் பக்கம் பாதி சாய்ந்துவிட்டாய் போலிருக்கிறது. கொஞ்சம் பொறு.

மெயில் சர்வர் பெரும்பாலும் காத்துக்கிடக்கிற மென்பொருள். டிஎன்எஸ் பதில் வர வேண்டும், எதிர்முனை வாய் திறக்க வேண்டும், டிஸ்க்கில் எழுதி முடிய வேண்டும். கடிதத்தை அனுப்பி முடித்த பின் எதிர்முனையின் ஒப்புதலுக்குக் குறைந்தது 10 நிமிடமாவது பொறுக்கச் சொல்கிறது எஸ்எம்டிபி விதி. அதன் முன், புது ப்ராசஸைப் பிறக்கவைக்கும் ஒரு ஃபோர்க்கின் செலவு எந்த மூலைக்கு?

த்ரெட்டுகள் ஒரே நினைவகத்தைப் பகிர்பவை. நான் முன்பு த்ரெட் வைத்து ஒரு சிறு ரிலே எழுதினேன். முகவரி தேட கெட்ஹோஸ்ட்பைநேம் என்ற பழைய ஃபங்ஷனைக் கூப்பிட்டிருந்தேன். அது விடையை ஒரே பொது இடத்தில் எழுதிவைக்கும். ஒரு த்ரெட் படிப்பதற்குள் இன்னொன்று அதே இடத்தில் எழுதிவிட, யாருக்கோ போக வேண்டிய கடிதம் வேறொரு சர்வரின் வாசலில் போய் நின்றது. கண்டுபிடிக்க மூன்று நாள்.

அதற்காக ப்ராசஸ் என்றாலே பத்திரம் என்றும் நினைத்துவிடாதே. எரிக் ஆல்மன் எழுதிய சென்ட்மெயிலும் ஃபோர்க் செய்ததுதான். ஆனால் பிறந்த ஒவ்வொரு பிள்ளையும் அதே பெரிய நிரல். 1988 நவம்பரில் இணையத்தில் பரவிய மாரிஸ் புழு சென்ட்மெயிலின் டீபக் வசதி வழியாகவும் நுழைந்தது; பின்னாளில் வெளிப்பட்ட ஓட்டைகள் பல நேரே ரூட்டில் போய் முடிந்தன. ப்ராசஸ் பிரிந்தது, அதிகாரம் பிரியவில்லை.

டேனியல் பெர்ன்ஸ்டீன் தன் மெயில் சர்வரான க்யூமெயிலில் பிரித்தது அந்த அதிகாரத்தைத்தான். வரிசையில் போடுபவர் ஒரு யூசர், வெளியூருக்கு அனுப்புபவர் வேறு யூசர், உள்ளூர்ப் பெட்டியில் போடும் நிரல் பெறுநரின் பெயரிலேயே ஓடும். நடுவில் பைப்பும் கோப்பும்தான். த்ரெட்டில் இது நடக்காது. ஒரு ப்ராசஸுக்குள் எல்லோருக்கும் ஒரே அதிகாரம். 1998இல் வீட்செ வெனிமா ஐபிஎம்மிலிருந்து வெளியிட்ட போஸ்ட்ஃபிக்ஸும் இதே வழி. அதில் எனக்குப் பிடித்த ஒன்று: அதன் பணியாள் ப்ராசஸ்களில் பெரும்பாலானவை 100 வேலை முடிந்ததும் தாமே விலகிவிடும். சிறு மெமரி லீக் இருந்தாலும் அத்தோடு போயிற்று.

பயனர்கள் கடிதங்களைப் படிக்க இணையும் ஐமேப் பக்கம் கதை வேறு. அங்கே ஆயிரக்கணக்கானோர் சும்மா இணைந்திருப்பார்கள். தலைக்கொரு ப்ராசஸ் என்றால் ராம் கடிக்கும். அப்போதும் த்ரெட்டுக்குப் போகாமல், ஒரே ப்ராசஸ் பல இணைப்புகளை மாறிமாறிக் கவனிக்கும் ஈவென்ட் லூப்பைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

ஒரு தாளில் உன் சர்வரின் துண்டுகளைப் பெட்டிகளாக வரை. எந்தப் பெட்டி எந்தக் கோப்பைத் தொடுகிறது, எந்த யூசராக ஓடுகிறது என்று பக்கத்தில் எழுதி அனுப்பு. ரூட் என்று எத்தனை இடத்தில் எழுதியிருக்கிறாய் என்றுதான் முதலில் எண்ணுவேன்.

அன்புடன்,
அண்ணன்